மிளகுக்கு இடம் விட்ட கார்

இன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்தது நகம் வெட்டியது. தேத்தண்ணீருக்கு அடுப்பில் தண்ணீர்கூட வைக்கவில்லை. பின்வாசல் படியில் உட்கார்ந்து பத்து விரல்களின் நகங்களையும் ஒட்ட வெட்டி, சொரசொரப்பு இல்லாமல் தேய்த்தேன். பிறகு வளையல்களைக் கழற்றினேன். மோதிரம்தான் இறங்க மறுத்தது. தேங்காயெண்ணெய் தடவித் திருகித் திருகி எடுத்தேன். இவர் கட்டிலில் கிடந்தபடியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா, ஒப்பரேஷன் தியேட்டருக்கா?"

"ஆமா."

"நோயாளிக்கு ஏதாச்சும் கொண்டு போறியா? பழம் கிழம்?"

"ஒரு போத்தல் ஒயில் வாங்கிட்டுப் போறேன்."

"எனக்குக் காய்ச்சல் வந்தப்ப ஒரு தோடம்பழம்கூட வரல" என்று போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார்.

நகம், வளையல், மோதிரம் மூன்றும் கூடாது என்பது உக்குவளையில் உன் காரின் எஞ்சினைத் திருத்துகிறவர் போட்ட உத்தரவு. அவருடைய கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில் சொல்லவேண்டியதை இன்னும் ஒரு வரிகூட என்னால் அடக்கிவைக்க முடியாது. உன் எஞ்சின் இன்றைக்கு ஓடியது! நீ போய் இரண்டு வருடம், அது நின்று ஒன்பது மாதம். இன்று பின்னேரம் நாலு மணிக்கு, ரயில்பாதைக்குப் பின்னாலுள்ள அந்தக் கராஜில், காருக்குள்கூட இல்லை, ஓர் இரும்புச் சட்டத்தின்மேல் வெறும் எஞ்சினாக உட்கார்ந்துகொண்டு அது கத்தியது. என் கையால்தான் ஸ்டார்ட் பண்ணினேன். வீட்டுக்கு வந்து இரண்டு தடவை சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டேன். இன்னும் விரல்களில் பெட்ரோலியம் ஜெல்லியும் ஒயிலும் பெட்ரோலும் கலந்த வாசனை இருக்கிறது. அது போவதற்குள் உனக்கு எழுதிவிடவேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நீ அந்தக் காரை வாங்கியபோது மாத்தளையே பேசியது. ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை நாட்டை விட்டுப் போகும்போது விற்ற வெள்ளைக் கார். இரண்டே கதவுகள், தாழ்ந்த கூரை, பொத்தானை அழுத்தினால் மூடியைத் திறந்துகொண்டு எழும்பும் முன்விளக்குகள். சொந்தமாகப் பார்மசி நடத்துகிற, முக்காடு போட்ட, முப்பத்து மூன்று வயதுப் பெண் ஒரு வான் வாங்கியிருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள். மருந்து வாங்க வந்த ஒரு பெரியவர் கேட்டேவிட்டார்: "இந்த ஓட்டப்பந்தயக் காரு எதுக்கு மகள், மருந்து கொண்டு குடுக்கவா?" நீ மருந்துச் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஓ, அவசர மருந்துக்கு" என்றாய்.

அந்த எஞ்சின் எப்படி வேலை செய்கிறது என்று எனக்கு நீ விளக்கியது ஒரு நோன்பு மாதத்தில். பார்மசிக்கு மேலேயுள்ள உன் இரண்டு அறை வீட்டில், நோன்பு திறக்க எடுத்து வைத்திருந்த தட்டிலிருந்து ஒரு சமோசாவைத் தூக்கினாய். கேலி செய்யும்போது மட்டும் நீ எனக்கு 'ங்க' போடுவாய்.

"டீச்சரம்மா, நல்லா பாருங்க. மத்த காருங்களுக்குள்ள பிஸ்டன் மேலயும் கீழயும் குதிக்கும். இதுல குதிக்கிற சாமானே இல்ல. ஒரு முட்ட மாதிரி பெட்டி. அதுக்குள்ள இந்த சமோசா சுத்துது. ரெண்டு பெட்டி, ரெண்டு சமோசா. அவ்வளவுதான் எஞ்சின்."

"சுத்தினா?"

"சுத்தினா கார் ஓடும். புவியியல் படிப்பிக்கிற ஒங்களுக்கு சுத்துறது என்னாண்டு நான் சொல்லணுமா?"

பிறகு சமோசாவின் மூன்று மூலைகளையும் தொட்டுக் காட்டினாய். ஒவ்வொரு மூலையிலும் ஒரு பள்ளம் உண்டு. பள்ளத்துக்குள் மெல்லிய இரும்புத் தகடு ஒன்று நிற்கும். அடியில் இருக்கிற சின்ன வில் அதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். தகடு பெட்டியின் சுவரை ஒரு மயிரிழைகூட விலகாமல் உரசிக்கொண்டு போகவேண்டும். "விட்டுச்சோ, காத்து எல்லாம் வெளிய போயிரும். மூச்சு இல்ல. மௌத்து." அதற்குள் பாங்கு சொல்லிவிட்டார்கள். நீ பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு எஞ்சினைக் கடித்தாய்.

ரிவர்ஸ்டன் மலைக்கு என்னை முதல் தடவை கூட்டிக்கொண்டு போனது அதற்கடுத்த மாதம். ரத்தோட்டையைத் தாண்டி வளைவுகள் தொடங்கியதும் நீ முக்காட்டை இழுத்துச் சொருகிக்கொண்டாய். எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் முள் ஏறியது, ஏறிக்கொண்டே போனது. சிவப்புக் கோட்டைத் தொட்டதும் எங்கிருந்தோ 'பீப்' என்று ஒரு சத்தம். நான் கண்ணை மூடிக்கொண்டு "மாரியம்மா, தாயே" என்றேன்.

"அவங்களக் கூப்பிடாத புள்ள. பின்னால சீட்டு இல்ல."

மேலே மூடுபனிக்குள் காரை நிறுத்தினோம். வண்டியின் மூக்கிலிருந்து சூடு வந்துகொண்டிருந்தது. நான் கதவுப் பிடியை இன்னும் விடாமல் இருந்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டு நீ சொன்னாய்: "இத அடிச்சு ஓட்டினாத்தான் உள்ளுக்கு சுத்தமா ஈக்கும். பொத்திப் பொத்தி வெச்சா மூச்சு முட்டிப் போயிரும்." நான் நம்பவில்லை. அது உன் வேகத்துக்கு நீ தேடிவைத்திருக்கும் சாக்கு என்று நினைத்தேன். மருந்தைப் பற்றி நீ சொல்வதையெல்லாம் எழுதிவைத்துக்கொண்டு நடப்பவள், காரைப் பற்றி நீ சொன்ன எதையும் காதில் வாங்கியதே இல்லை.

நீ போனது எல்லோருக்கும் அதிர்ச்சி. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் மூன்று வாரத்தில் இல்லை. அதைப் பற்றி இன்றைக்கு எழுதப்போவதில்லை. இன்று சந்தோஷமான நாள். பார்மசியை வேறொருவர் எடுத்துக்கொண்டார். உன் உம்மாவை உன் அண்ணன், நம் நானா, கொழும்புக்குத் தன் வீட்டுக்கே கூட்டிப் போய்விட்டார். போகுமுன் கார் சாவியை என் கையில் தந்தார். "அங்க நிப்பாட்ட எடமில்ல தங்கச்சி. கொஞ்ச நாளைக்கு ஒங்க வாசல்ல நிக்கட்டும். ஓடாம கெடந்தா கெட்டுப் போயிரும், அப்பப்ப ஸ்டார்ட் பண்ணி வைங்க."

நான் எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டேன் என்று உனக்குத் தெரியுமா! அப்படித்தான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் முன்வாசல் சீமெந்துத் தரை உனக்குத் தெரியும். மிளகுக் காலத்தில் மிளகு, அது முடிந்தால் கராம்பு, பிறகு சாதிக்காய் என்று வருடத்தில் பாதி நாள் அங்கே படங்கு விரித்து ஏதாவது காயும். உன் கார் அந்தத் தரையின் நடுவில்தான் நின்றது. எனவே காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் ஸ்டார்ட் பண்ணி, பத்தடி பின்னால் எடுத்து, பலாமரத்தடியில் விட்டு நிறுத்துவேன். பின்னேரம் மழை இருட்டியதும் மிளகை வாரிவிட்டு, மறுபடி ஸ்டார்ட் பண்ணிப் பத்தடி முன்னால் கொண்டுவந்து நிறுத்துவேன். ஒரு நாளைக்கு இரண்டு தடவை. ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிஷம்கூட ஓடியிருக்காது. வெள்ளிக்கிழமைகளில் நானாவுக்குப் போன் எடுத்து, "தெனமும் ஸ்டார்ட் பண்றேன் நானா, சத்தம் அப்படியே இருக்கு" என்பேன். ஒருநாளும் சிவப்புக் கோட்டுப் பக்கம் முள்ளைப் போகவிட்டதில்லை என்பதில் எனக்குத் தனிப் பெருமை வேறு.

ஒரு வருடமும் மூன்று மாதமும் அப்படிப் போயிற்று. பிறகு ஒருநாள் காலை அது ஸ்டார்ட் ஆகவில்லை. சாவியைத் திருப்பத் திருப்ப வறட்டு இருமல்தான் வந்தது. மிளகு ஈரத்தோடு மூட்டையில் இருந்தது, மணி ஏழு, எனக்கு முதல் பாடம் பத்தாம் வகுப்பு. நானும் இவருமாகத் தள்ளி மரத்தடியில் விட்டோம்.

நகரத்தில் மூன்று கராஜ்காரர்கள் வந்து பார்த்தார்கள். மூன்று பேரும் கேட்ட முதல் கேள்வி, யார் ஓட்டினது என்பது. உன்னைச் சொன்னதும் மூன்று பேருடைய முகமும் ஒரே மாதிரி மாறியது. "ஆ, அந்த பார்மசி மிஸ்ஸா? அப்ப என்னத்த சொல்ல. அடிச்ச அடி அப்படி. எஞ்சின் முடிஞ்சுது." நானாவிடம் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டுவிட்டு, "அவ ஒடச்சிட்டுப் போயிட்டா. நீங்க என்ன செய்வீங்க, பாவம்" என்றார். உம்மா போனை வாங்கினார். உம்மா சொன்னதை நான் அன்றைக்கே மறந்துவிட நினைத்தேன், முடியவில்லை.

"அவ ஓட்டின ஓட்டத்துக்கு அது இவ்வளவு நாள் ஈந்ததே பெரிசு, மகள். ஒடம்பயும் அப்படித்தானே ஓட்டினா. ஒரு நாள் ஓஞ்சு ஈந்தாளா? எல்லாத்தயும் அவசர அவசரமா ஓட்டித் தீத்துட்டா."

நான் "ஆமா உம்மா" என்றுதான் சொன்னேன். அப்போது எனக்கும் தெரியாது.

என் வகுப்பிலிருக்கும் ஒரு பிள்ளையின் தந்தைதான் உக்குவளைக்காரரைப் பற்றிச் சொன்னார். எல்லோரும் அவரை 'ரோட்டரி பாஸ்' என்கிறார்கள். தோட்டத்தில் பிறந்து, ஜப்பானுக்குப் போய், பதினொரு வருடம் இந்த ஒரே வகை எஞ்சினை மட்டும் பிரித்துப் பூட்டும் பட்டறையில் வேலை செய்துவிட்டு, அம்மாவுக்கு முடியாமல் போனதால் திரும்பி வந்தவர். கராஜுக்குப் பெயர்ப்பலகை இல்லை. கண்டியிலிருந்தும் கொழும்பிலிருந்தும் கார்களைக் கட்டி இழுத்துக்கொண்டு வருகிறார்கள். நீ இருந்திருந்தால் பார்மசியை மூடிவிட்டு அங்கேயே பாய் போட்டிருப்பாய்.

அங்கே போனால் வாசலிலேயே செருப்பைக் கழற்றவேண்டும். நான் முதல் நாள் பழக்க தோஷத்தில் கையெடுத்துக் கும்பிடப் பார்த்தேன். "சாமியெல்லாம் இல்லைங்க டீச்சர், மண்ணு வரக்கூடாது, அவ்வளவுதான்" என்றார். தரையில் விழுந்த சோற்றை எடுத்துச் சாப்பிடலாம், அப்படிச் சுத்தம். அவருக்கு இன்னொரு விதி உண்டு. எஞ்சினைத் திறக்கும்போதும் மூடும்போதும் சொந்தக்காரர் பக்கத்தில் இருக்கவேண்டும். மூடும்போது ஒரு பக்கத்துத் தகடுகளைச் சொந்தக்காரரே தன் கையால் வைக்கவேண்டும்.

"எதுக்கு பாஸ் அப்படி?"

"அங்க எங்க மாஸ்டர் வெச்ச வழக்கம். உள்ள என்னா இருக்குன்னு தெரியாம ஓட்டுறவங்கதான் எஞ்சினக் கெடுக்கறாங்க. ஒரு தடவ கையால வெச்சுட்டா அப்புறம் காலு தானா யோசிக்கும்."

ஏழு மாதத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை அவர் உன் எஞ்சினைத் திறந்தார். நீளமான போல்ட்களை ஒவ்வொன்றாக உருவி, வெட்டிய பாண் ரொட்டியை அடுக்கு அடுக்காக எடுப்பதுபோல எடுத்து வைத்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். சமோசா உண்மையிலேயே இருந்தது. கறுப்பாகக் கரி அப்பிப்போய், கருகின சமோசா. என் வாயிலிருந்து சிரிப்பு வந்துவிட்டது. அவர் விளக்கைப் பெட்டியின் உட்சுவரில் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். விரலால் தடவினார்.

"யாருங்க இத ஓட்டினது?"

"என் சிநேகிதி. அவ இப்ப இல்ல."

"கைகாரிதாங்க. நல்லா ஓட்டியிருக்காங்க."

எனக்கு விளங்கவில்லை. "அடிச்சு ஓட்டி ஒடைச்சிட்டான்னு சொல்றாங்க பாஸ்."

"யாரு சொன்னது? கண்டபடி அடிச்சிருந்தா இந்தச் சுவத்துல அலை அலையா கோடு விழுந்திருக்கும். தொட்டுப் பாருங்க, கண்ணாடி. தகடு ஒண்ணாவது ஒடைஞ்சிருக்கா? இல்ல. சூடாக்கி எடுத்து, முழுசா மூச்சு விட்டு ஓட்டியிருக்காங்க. இத வேகம் கொல்லல."

"அப்ப?"

ஒரு மூலையிலிருந்த தகட்டை நகத்தால் தட்டினார். அது அசையவில்லை. "ஒட்டிருச்சு. பச்சக் குளிர்ல ஸ்டார்ட் பண்ணி, சூடாகறதுக்கு முந்தியே நிப்பாட்டியிருக்காங்க. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, மாசக்கணக்கா. எரியாத பெட்ரோலு சுவத்துல இருந்த ஒயில எல்லாம் கழுவிருச்சு. மிச்சம் கரியாகி, தகட்ட பள்ளத்துக்குள்ளயே பூட்டிருச்சு. ஒரேயடியா ஓட்டாமப் போட்டிருந்தாக்கூட இவ்வளவு கெட்டிருக்காது."

அதற்குப் பிறகுதான் காற்று வடிகட்டியின் பெட்டியைத் திறந்து மேசையில் கவிழ்த்தார். தூசியோடு ஏழெட்டு மிளகும் காம்புகளும் உருண்டு விழுந்தன. எலியோ அணிலோ கொண்டுபோய் வைத்திருக்கிறது. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "டீச்சர், இதுல ரசமே வெக்கலாம்!" சிரித்து முடித்ததும் ஒரு மிளகை விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டே கேட்டார்: "மிளகு காயப்போட எடம் விட்டு விட்டு நகத்தியிருக்காங்க போல. அவங்க வீட்ல மிளகு காயப்போடுவாங்களா?"

நான் "ம்" என்றேன்.

பார்மசிக்கு மேலே இரண்டு அறையில் இருந்தவள் நீ. உனக்கு முற்றம் ஏது, மிளகு ஏது? ஒற்றை எழுத்தில் அதையும் உன் தலையில் கட்டிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு ரயில்பாதையோரமாக நடந்தேன்.

நடக்கும்போது ரத்தோட்டைக் கல்யாண வீடு நினைவுக்கு வந்தது. உன் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். இரவு அங்கேயே தங்கிவிட்டோம். விடிந்ததும் சாமான் லொறி ஒன்று வெளியே போக உன் காரை ஒதுக்கச் சொன்னார்கள். ஒரு பத்தடிதான். நீ சாவியை எடுக்கவில்லை. "வா புள்ள, தள்ளு" என்றாய். நான் பட்டுச்சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, நீ அபாயாவைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, இரண்டு பேரும் தள்ளினோம். பந்தல் அவிழ்த்துக்கொண்டிருந்த ஆண்கள் எல்லாம் கூடிவிட்டார்கள்.

"என்னா, இவ்வளவு பெரிய காரு, பெட்ரோல் அடிக்க வழியில்லயா?"

"பெட்ரோல் ஈக்கி. ஒங்களுக்கு வேடிக்க காட்டத்தான் தள்றம்" என்றாய் நீ.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பிறகு காருக்குள் ஏறியதும், "பத்தடிக்கு ஏண்டி இந்தக் கூத்து?" என்று கத்தினேன். "நகத்துறதுண்டா தள்ளு. ஸ்டார்ட் பண்ணினா சூடாகற வரைக்கும் ஓட்டு. நடுவுல ஒண்டும் இல்ல" என்றாய். கேட்டேன்தான். என் வாசலில், என் கையில் சாவி இருந்தபோது, அது எனக்கு ஒரு தடவைகூட ஞாபகம் வரவில்லை.

ஜப்பானிலிருந்து தகடுகள் வர இத்தனை மாதம். செலவைப் பற்றி எழுதமாட்டேன், நீ எழும்பி வந்து அடிப்பாய். இடையில் நானா ஒருநாள் போனில் சொன்னார்: "சரியானதும் கார் ஒங்களுக்குத்தான் தங்கச்சி. உம்மாவும் நானும் பேசிட்டம். அவ ஒடச்சத, நீங்க இவ்வளவு பாசமா பாத்தீங்களே, அதுக்கு வேற யாருக்குக் குடுக்க?" நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. உண்மையையும் சொல்லவில்லை. எனக்கு அந்தக் கார் வேண்டும். நீ இல்லாத ஊரில் உன் சத்தம் வருகிற ஒரே சாமான் அது. இப்படி ஏழு மாதம்.

சரி, இன்றைக்கு வா! எட்டு மணிக்கே போய்விட்டேன். பாஸ் என் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஆஸ்பத்திரியில் தாதி பார்ப்பதுபோல. "சரி, வாங்க." கழுவித் துடைத்த பாகங்கள் வெள்ளைத் துணியின்மேல் வரிசையாக இருந்தன. சமோசாக்கள் இரண்டும் வெள்ளியாக மின்னின. அவர் முதல் பெட்டியை அடுக்கி, ஒவ்வொரு தகட்டின் உயரத்தையும் அளந்து, ஒவ்வொரு வில்லையும் சொருகினார். இரண்டாவதுக்கு வந்ததும் விலகி நின்று பெட்ரோலியம் ஜெல்லி டப்பாவை என்னிடம் நீட்டினார்.

"பள்ளத்துல தடவுங்க. தகடு வழுக்கி விழாம அதுதான் பிடிச்சுக்கும். எஞ்சின் ஓடினதும் உருகிப் போயிரும்."

அந்தத் தகடு எவ்வளவு சின்னது! என் நடுவிரல் நீளம்தான் இருக்கும். அதை எடுத்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். "மூச்ச விடுங்க டீச்சர், அது ஒண்ணும் கடிக்காது." முதல் மூலை, இரண்டாவது மூலை. மூன்றாவதில் வில் துள்ளி ஓடிவிட்டது. மூன்று பேர் முழங்காலிட்டுத் தரையில் தேடினோம்: நான், பாஸ், அவருடைய மனைவி. அந்த அக்காதான் கண்டுபிடித்தார், என் சேலை மடிப்புக்குள். "இதுக்குத்தான் சேலயும் வேணாம்னு சொல்லணும்" என்று புருஷனை ஒரு பார்வை பார்த்தார். திரும்பவும் வைத்தேன். விரலால் மெல்ல அழுத்தினேன். தகடு உள்ளே போய், விட்டதும் மேலே வந்தது. மறுபடி அழுத்தினேன். வந்தது. ஏழு மாதத்துக்கு முன் அசையாமல் நின்றதே, அந்த இடம். நான் பூட்டியது என் விரலுக்கடியில் திறந்துகொண்டது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்ததில் மூக்கைத் துடைக்கப் போய், ஜெல்லியை முகமெல்லாம் பூசிக்கொண்டேன்.

மூடி, போல்ட்களை முறுக்கி, சட்டத்தில் ஏற்றி, ரேடியேட்டரும் பெட்டரியும் பெட்ரோல் குழாயும் பொருத்த நாலு மணியாகிவிட்டது. நானா காட்டச் சொல்லியிருந்தார். போனில் அவருக்கு வீடியோ கோல் போட்டு அக்காவின் கையில் கொடுத்தேன். பாஸ் என்னிடம் ஒரு சின்னப் பொத்தானைத் தந்தார்.

அழுத்தினேன். சுற்றியது, பிடிக்கவில்லை. "விடுங்க. திரும்ப." சுற்றியது. ஒரு தும்மல். "திரும்ப, திரும்ப, விடாதீங்க!" தும்மல், இன்னொரு தும்மல், பிறகு ஒரே வெள்ளைப் புகை! ஜெல்லி எரிகிற புகை. கராஜ் மறைந்தது, பாஸ் மறைந்தார், அக்கா மறைந்தார். ரயில்பாதைப் பக்கத்திலிருந்து யாரோ சிங்களத்தில் "மே மொகத?", இது என்ன, என்று கத்தினார்கள். அந்தப் புகைக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. வேறு எந்தக் காருக்கும் இல்லாத, தேனீக்கூட்டைத் தட்டிவிட்டதுபோன்ற உன் சத்தம். நான் குதித்தேன். நாற்பத்தைந்து வயதில், வெறுங்காலோடு, சேலையோடு குதித்தேன். பாஸ் சூடு ஏறும்வரை நிறுத்தவிடவில்லை. சூட்டைக் காட்டும் முள் நடுவுக்கு வரும்வரை இருபது நிமிஷம் அதன் பக்கத்திலேயே நின்றோம்.

"மொதல் ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு நாலாயிரத்துக்கு மேல முள்ள ஏத்தாதீங்க. பதமா ஓட்டுங்க. அதுக்கப்புறம் தயவுசெஞ்சு வாரத்துக்கு ஒருக்காவாவது செவப்பு வரைக்கும் அடிங்க. பீப் சத்தம் வரணும்."

யாரிடம் சொல்கிறார் பார்த்தாயா! ரிவர்ஸ்டனில் கண்ணை மூடிக்கொண்டவளிடம். ஆனால் நான் போவேன். கண்ணைத் திறந்துகொண்டு.

எஞ்சினை நிறுத்தியதும் போனிலிருந்து நானாவின் குரல் எல்லோருக்கும் கேட்டது. "மாஷா அல்லாஹ்! தங்கச்சி, எங்கட தங்கச்சி ஒடச்சத நீங்க கட்டிட்டீங்க. சனிக்கிழம நானும் உம்மாவும் வாறம். பேர் மாத்துற பேப்பரோட வாறம்." பின்னாலிருந்து உம்மா, "அவளுக்குத்தான் பொறும இல்லாமப் போச்சு" என்றார். நான் "சரி நானா" என்று போனை வைத்தேன்.

பாஸ் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அவங்க ஒடைக்கலன்னு வீட்டுல தெரியாதா, டீச்சர்?"

"தெரியாது."

எங்கள் வீடு எங்கே, என்ன காய்கிறது என்பதெல்லாம் அவர் அறியாததல்ல. வண்டியைக் கட்டி இழுக்க வந்தபோது படங்கின்மேல் மிளகு காய்ந்துகொண்டிருந்ததே. "சரிங்க, அது ஒங்க வீட்டு விஷயம்" என்று துணியை மடித்து வைத்தார்.

நான் எஞ்சினைத்தான் கெடுத்தேன், அதுவும் தெரியாமல். அதை மன்னித்துவிடுவாய் என்று தெரியும். "அடி மடச்சி, தள்ளத் தெரியாதா ஒனக்கு?" என்று இரண்டு நாள் ஏசிவிட்டு மூன்றாம் நாள் சிரிப்பாய். ஆனால் தெரிந்த பிறகும் ஏழு மாதம் வாயை மூடிக்கொண்டு, உன் உம்மா தன் மகள் எல்லாவற்றையும் ஓட்டித் தீர்த்துக்கொண்டு செத்தாள் என்று நம்பும்படி விட்டேனே, அதற்கு நீ சிரிக்கமாட்டாய். அந்தச் சுவர்களை நான் கையால் தொட்டிருக்கிறேன். கண்ணாடி மாதிரி வழுவழுப்பு. எதையும் உடைக்காமல், ஒவ்வொரு நாளும் முதலில் சூடாகவிட்டு, பிறகு முழு மூச்சோடு ஓட்டிய ஒருத்தியின் வேலை அது.

ஆகவே நான் ஒன்று தீர்மானித்திருக்கிறேன். உள்ளே இவர் ரேடியோ கேட்டுக்கொண்டிருக்கிறார், இவரிடமும் சொல்லவில்லை. சனிக்கிழமை நானா பேப்பரை வெளியே எடுக்குமுன், நான் கையெழுத்துப் போடுமுன், உம்மாவை முன்வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போவேன். எங்கே நின்றது, எங்கே நகர்த்தினேன், ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று நடந்து காட்டிச் சொல்வேன். அங்கிருந்து இரண்டு பேரையும் உக்குவளைக்குக் கூட்டிப் போய், மற்றதை பாஸ் வாயாலேயே கேட்கவைப்பேன். அதற்குப் பிறகு கார் யாருக்கு என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்.